இருப்பும் வரவும்: எளிமையின் பொருளியல்

எளிய வாழ்வு என்றதும் துறவே பலர் நினைவுக்கு வருகிறது. அதனைக் கணக்காயரின் கண்கொண்டு நோக்கியவர் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, தணிக்கையாளராகத் தொழில் புரிந்த அவர், பின்னர் காந்தியடிகளின் கிராமத் தொழில் பணிகளை ஏற்று நடத்தினார்.

1945-இல் வெளிவந்த, நிலைபேறான பொருளாதாரம் பற்றிய தம் நூலில் இயற்கை வளங்களை அவர் இருவகைப்படுத்தினார். நிலக்கரி, பெட்ரோலியம் முதலியன இருப்பு, எடுக்குந்தோறும் குறைவன. ஓடும் நீரும் வளரும் காடும் வரவு. அளவறிந்து பயன்கொண்டால் தொடர்ந்து கிட்டுவன. இருப்பைக் கரைக்காமல் வரவுக்குள் வாழ்வதே எளிமை என்பது இதிலிருந்து பெறப்படும்.

அன்றாட வாழ்விலிருந்து ஒரு சான்று காண்போம். மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர், ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. இதற்கு எரிபொருட் செலவு இல்லை. குளிர்பதனப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரமோ நம் நாட்டில் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்தே பெறப்படுகிறது.

ஆயினும், ஒரு மின்விளக்குக்கே வழியற்றோரிடம் எளிமையை வலியுறுத்துதல் முறையாகாது. அவர்தம் நுகர்வு உயர வேண்டும்; வசதி பெற்றோர் நுகர்வே குறைய வேண்டும். சுற்றுச்சூழலுக்கேற்ற வாழ்க்கைமுறைக்காக 2022-இல் மைய அரசு தொடங்கிய 'லைஃப்' இயக்கத்தின் வெற்றியும் இவ்வேறுபாட்டை உணர்வதைப் பொறுத்ததே. மாதந்தோறும் வீட்டு வரவு செலவைச் சரிபார்க்கும் நாம், இயற்கையின் இருப்புக்கும் அதில் ஒரு வரி ஒதுக்குவோமாக.