தலைவலி மாத்திரைக்கும் ஒரு கணக்கு வை

"இன்னிக்கும் தலைவலியா?" என்று வீட்டில் கேட்டுவிடுவார்களோ என்று பயந்தே வலியை மறைக்கிறாயா தங்கச்சி? கல்யாணம், சினிமா என்று எதற்கும் வருகிறேன் என்று சொல்லவே தயக்கமா? அப்படியானால் நாளைக்கே காலண்டரை எடு. தலை வலித்த தேதியைச் சுழி. மாத்திரை போட்டிருந்தால் பக்கத்தில் 'மா' என்று எழுது.

அந்த 'மா'தான் முக்கியம். அடிக்கடி தலைவலி வருகிறவர்கள் பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தையும் தாண்டிப் போட்டுவந்தால் மாத்திரையே வலியை வரவழைக்க ஆரம்பித்துவிடும். கஃபீன் கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். வலிக்கிறது என்று போடுவாய், போடுவதால் வலிக்கும். டாக்டரைக் கேட்டு நிறுத்து. முதல் சில நாள் வலி கூடத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொள்.

இனி, வலிக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார். விரதமா, மூன்று மணிக்குச் சாப்பிட்ட மதியச் சாப்பாடா, கெட்டுப்போன தூக்கமா, மாதவிலக்கு நெருங்குகிறதா? தலைக்குக் குளித்தால் வலி வருகிறது என்று நீ சொன்னால் அது பிரமை இல்லை. நம் நாட்டு நோயாளிகள் 94 பேரிடம் இதைக் கவனித்து மும்பை மருத்துவர் ரவிசங்கர் 2006-லேயே எழுதியிருக்கிறார். தலைக்குக் குளிக்காமல் இருக்க முடியாது. ஆனால் அதே நாளில் பட்டினியும் உச்சி வெயிலும் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். காபியைத் திடீரென்று விட்டாலும் தலை இடிக்கும்; கொஞ்சம் கொஞ்சமாகக் குறை.

குமட்டல், வெளிச்சம் பட்டாலே கூச்சம் என்று இருந்தால் 'சைனஸ்' என்று நீயே முடிவு கட்டாதே. மைக்ரேனாக இருக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய மூன்று மடங்கு. வராமலே தடுக்கவும் மருந்து உண்டு. வலிக்கு முன் கண்ணில் கோடு கோடாக ஒளி தெரிகிறவள் என்றால் கருத்தடை மாத்திரை தொடங்குமுன் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல். ஈஸ்ட்ரோஜன் கலந்த வகை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

நொடியில் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, கர்ப்பத்தின் பிற்பாதியில் விடாத வலி: இதில் எது வந்தாலும் தைலத்தைத் தேடாதே, யாருக்கும் காத்திருக்காதே. 108-ஐக் கூப்பிடு.