விளம்பரத்தில் ஹெரால்ட், பெட்டியில் ஸ்பிட்ஃபயர்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் 1964-ல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான டிரையம்ப் ஹெரால்ட் 1200 கன்வெர்ட்டிபிள் கார் இருக்கிறது. நீலகிரியில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவரிடமிருந்து என் தந்தை வாங்கியது. ஆர்.சி. இப்போது என் பெயரில் இருக்கிறது. மடக்கிவிடும் கூரையின் ஹூட் ஃபிரேம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பாகங்கள் இன்றும் எங்காவது அகப்படுகின்றன. ஆனால் அவற்றில் கண்ணில் படுவதெல்லாம் தகரக் கூரை வண்டிகள்தான், இந்த ஃபிரேம் அவற்றில் இல்லை. டெல்லி வியாபாரி ஒருவர் ‘ஹெரால்ட் கன்வெர்ட்டிபிள் ஹூட் ஃபிரேம், பயன்படுத்தாத பழைய ஸ்டாக்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டிருந்தார். வங்கி மூலம் ரூ.1,35,000 அனுப்பினேன். வந்தது ஸ்பிட்ஃபயர் காரின் ஃபிரேம். மேலே புது பெயின்ட், சுரண்டினால் உள்ளே வெல்டிங் தழும்பு. கேட்டால், ‘பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது, பில்லிலேயே போட்டிருக்கிறதே’ என்கிறார். அறுத்து ஒட்டிச் சரிசெய்துவிடலாம் என்று எங்கள் டிங்கர் சொல்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? லண்டனில் இருக்கும் என் மைத்துனர் பழைய ஃபிரேம் ஒன்றை வாங்கி அனுப்பலாமா, அல்லது இங்கேயே செய்துகொள்ளலாமா? விண்டேஜ் பதிவுக்கும் விண்ணப்பிக்க நினைக்கிறேன். (எஞ்சின் 1983-ல் சீஸ் ஆனபோது, ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் எஞ்சினை அப்பா மாற்றிப் போட்டார். எப்போதாவது சினிமா படப்பிடிப்புக்கும் கார் போகும்.)
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: முதலில் டிங்கரை நிறுத்துங்கள். அந்த ஃபிரேமில் ரம்பம் பட்டால் உங்கள் வழக்கில் பாதி போய்விடும்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 41-ஆவது பிரிவின்படி, பார்க்காமல் வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஆனால் 42-ஆவது பிரிவு எதிர்ப்பக்கம் வெட்டும். பொருளை அறுப்பது, ஓட்டை போடுவது, பெயின்ட் அடிப்பது போல உரிமையாளர் மட்டுமே செய்யக்கூடிய எதையாவது செய்தாலோ, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டாலோ, ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். அதன்பின் பொருளை மறுக்க முடியாது, நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். எனவே இன்றே வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும், ‘விளம்பரத்தில் சொன்ன பொருள் இதுவல்ல, ஏற்க மறுக்கிறேன், பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதுங்கள். உங்கள் செலவில் டெல்லிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. மறுப்பைத் தெரிவித்தால் போதும் என்கிறது 43-ஆவது பிரிவு.

ஃபிரேமைப் பெட்டியோடு ஓரமாக வையுங்கள். உங்கள் காரின் கதவுக்கு மேலுள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்து, அதே டேப்பை ஃபிரேமின் மீதும் வைத்து, இரண்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இரண்டும் ஒரே குடும்பத்து வண்டிதானே’ என்று வியாபாரி வாதிடக்கூடும். உறவு உண்மைதான். ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயரை இறக்கினார்கள். ஆனால் அது இருவர் உட்காரும் கார், உங்களுடையது நால்வர் உட்காருவது. கூரையின் நீளமே வேறு. ஒரு பொருளை விவரித்து விற்றால், பொருள் அந்த விவரிப்போடு பொருந்த வேண்டும் என்பது அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு.

‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற வரி வியாபாரியை எவ்வளவு காப்பாற்றும்? 62-ஆவது பிரிவின்படி, இரு தரப்பும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சில பாதுகாப்புகளை விலக்கிக்கொள்ள முடியும். பழைய ஃபிரேமில் கொஞ்சம் துரு இருந்தது என்பது மட்டும் உங்கள் புகாராக இருந்திருந்தால், அந்த வரி அவருக்கு உதவியிருக்கும். கேட்ட பொருளுக்குப் பதில் வேறு பொருளைத் தந்துவிட்டு அதைக் காட்டித் தப்புவது கடினம். மேலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47) பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. பழைய அல்லது புதுப்பித்த பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவது அதில் ஒன்று. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது இன்னொன்று. பில்லில் காலம் எதுவும் குறிக்காவிட்டால் இதற்கு 30 நாள் கணக்கு. ‘பயன்படுத்தாத பழைய ஸ்டாக்’ என்றால் பழையது, ஆனால் எந்த வண்டியிலும் ஏறாதது என்று பொருள். வெல்டிங் தழும்பு இருக்கிறதென்றால் அது ஏதோ ஒரு வண்டியில் உழைத்த பொருள்.

அவர் பில் போட்டு விற்கும் வியாபாரி என்பது உங்களுக்குச் சாதகம். உங்களைப் போன்ற கார்ப் பிரியர் ஒருவர் தன் ஷெட்டில் கிடந்ததை ஒருமுறை விற்றிருந்தால், நுகர்வோர் ஆணையம் அதை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரத் தயங்கும். சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். இவர் மீது நீங்கள் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், டெல்லிக்கு அலைய வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர 34-ஆவது பிரிவு இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை (என் தொழிலுக்கு இது நல்ல விளம்பரம் அல்ல). வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழோடு சேர்த்துத் தாக்கல் செய்தால் பின்னால் தகராறு வராது.

போலீஸில் மோசடிப் புகார் தரலாமா என்று பலர் அவசரப்படுகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவுக்கு, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். உங்கள் ஆள் போனை எடுக்கிறார், முகவரியோடு பில் தந்திருக்கிறார். இது நுகர்வோர் வழக்குதான். பணம் வாங்கியவுடன் எண்ணை அணைத்துவிட்டு மறையும் ஆட்களுக்குத்தான் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், அதுவும் உடனே அழைத்தால்தான்.

அடுத்து, புது ஃபிரேம். லண்டன் மைத்துனரிடம் சொல்லும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கான்வாஸ், ரப்பர் சீல் போன்றவற்றை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அவற்றைச் சுங்கமும் ஐ.ஜி.எஸ்.டி.யும் கட்டிக் கொண்டுவரலாம். ஃபிரேம் பெரும்பாலும் பழையதாகத்தான் கிடைக்கும். வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் இயந்திரத் தளவாடம் அல்லாத பழைய பொருள்கள் ‘கட்டுப்படுத்தப்பட்ட’ பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் வந்தால் சுங்கத்தில் நிற்கும். ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பும் பழைய வித்தையும் பலிக்காது. 2019 டிசம்பரிலேயே, உயிர்காக்கும் மருந்து, ராக்கி தவிர மற்றவற்றுக்கு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பழையதைப் புதியது என்று அறிவித்தால் பறிமுதல், அதன்மேல் அபராதம்.

என் யோசனை, இங்கேயே செய்துகொள்ளுங்கள். கோவையில் லேத்துக்கும் பட்டறைக்கும் பஞ்சமா? ஹெரால்ட் 1959-ல் வந்த வடிவமைப்பு. பேட்டன்ட்டின் ஆயுள் 20 ஆண்டு, பதிவுசெய்த வடிவமைப்பின் ஆயுள் நம் நாட்டில் அதிகபட்சம் 15 ஆண்டு. எனவே உதிர்ந்த ஃபிரேமின் துண்டுகளைப் பார்த்து அளவெடுத்துச் செய்வதை யாரும் தடுக்க முடியாது. டிரையம்ப் கார்களின் பெயர் இப்போது பி.எம்.டபிள்யூ. வசம் இருக்கிறது. அந்தப் பெயரைப் பொறித்து நாலு பேருக்கு விற்க ஆரம்பித்தால்தான் வணிகச் சின்னத் தகராறு. பட்டறைக்காரரிடம் வாய்ச்சொல்லாக ஆர்டர் தராதீர்கள். குழாயின் கனம், ரிவெட் இடங்கள், மடிந்து உட்கார வேண்டிய உயரம், முடிக்கும் தேதி எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும்.

இதற்கு நடுவே யாராவது ஒரு பழைய ஹெரால்டை முழுசாகத் தந்து, பிரித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னால், ஆர்.சி. இல்லாமல் தொடாதீர்கள். திருட்டு வண்டியானால் விற்றவருக்கு இல்லாத உரிமை உங்களுக்கும் வராது. வண்டியை உடைத்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. காயலான் கடையில் எடைக்கு வாங்கும் பாகமானாலும் ஒரு பில் கேட்டு வாங்குங்கள்.

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய விஷயம். எனக்கு ஹூட்டைவிட இதுதான் கவலை. உங்கள் 1200-இன் எஞ்சின் 1147 சி.சி., மெட்ராஸ் ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி. ஆர்.சி.யை எடுத்து எஞ்சின் எண்ணையும் சி.சி.யையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். 1983-ல் நடைமுறையில் இருந்தது 1939-ஆம் ஆண்டுச் சட்டம். அப்போதும் மாற்றத்தைத் தெரிவிக்கும் கடமை இருந்தது. அப்பா தெரிவித்திருந்தால் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும். இல்லையென்றால் இப்போதைய 52-ஆவது பிரிவின் கீழ் ஆர்.டி.ஓ.விடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் கறாராகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. இது பழைய கதை, செய்தவர் உங்கள் தந்தை என்பதெல்லாம் தானாகப் போய்ச் சொல்பவருக்குத்தான் உதவும். விபத்து நடந்தபின் இன்ஷூரன்ஸ் சர்வேயர் கண்டுபிடித்தால் உதவாது. அசல் 1147 எஞ்சின் ஷெட்டில் கிடக்கிறதா? கிடந்தால் அதைச் சரிசெய்து திரும்பப் போடுவதே நல்லது.

விண்டேஜ் பதிவுக்கும் இது தேவை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 81ஏ முதலான விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவில் இருக்கிற, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டிகளுக்குத்தான் அந்தப் பதிவு. பழைய அளவிலேயே செய்த ஹூட் ஃபிரேம் பழுதுபார்ப்புதான், பாடியை மாற்றியதாகாது என்பது என் கருத்து. பழைய ஃபிரேமின் துண்டுகளையும் படங்களையும் வைத்திருந்தால் ஆய்வுக் குழுவிடம் காட்டலாம். எஞ்சினைப் பற்றி அவ்வளவு தைரியமாகச் சொல்ல மாட்டேன். கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி என்பதால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

விண்டேஜ் வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். வணிகப் பயன்பாடு கூடாது. எனவே படப்பிடிப்புக்கு அனுப்புவது அன்றோடு நிற்க வேண்டும். நுகர்வோர் வழக்கிலும், ‘இவர் காரை வாடகைக்கு விடுகிறார், நுகர்வோரே அல்ல’ என்று டெல்லிக்காரர் கிளப்பலாம். கார் பெரும்பாலும் வீட்டுக்குத்தான், எப்போதாவதுதான் படப்பிடிப்பு என்பதைப் புகாரின் முதல் பக்கத்திலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். எத்தனை முறை, எவ்வளவு வாடகை என்ற விவரத்தையும் இணையுங்கள்.