வார் தைக்கும் மருமகனுக்கு



உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஷெரிடன் நகரில் குதிரைச் சேணம் செய்யும் பட்டறை ஒன்றில் தொழில் பயிலச் சேர்ந்திருக்கிறாய் என்பதும், சேர்ந்த நாள் முதலாக அறுந்த வார்களும் கிழிந்த கடிவாளங்களுமே உன் கைக்கு வருகின்றனவேயொழிய, நீ ஆசைப்பட்டுப் போன, தோலில் பூச் செதுக்கும் பூவேலை இன்னும் வரவில்லை என்பதும் அறிந்தேன். படித்த பிள்ளை தோலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டானே என்று உன் தாயாரும் வருந்தி எழுதியிருக்கிறாள். அவளுக்குத் தனியே பதில் எழுதுகிறேன். தோலைத் தொட்டு உழைத்தவர்களைத் தாழ்த்தி வைத்தது நம் சமூகம் செய்த பெரும் பாவங்களுள் ஒன்று. அந்தப் பாவத்தின் எச்சம் உன் மனத்தில் அணுவளவு இருந்தாலும் இன்றே அதைக் களைந்துவிடு. அதே மேற்குச் சீமையில் என் இளமையில் சில ஆண்டுகள் குத்தூசி பிடித்தவன் என்ற உரிமையில், உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

பழுது பார்க்கும் வேலையைச் சில்லறை வேலை என்று எண்ணாதே. ஒரு மாட்டுக்காரன், ஓடுகிற எருதின்மேல் சுருக்குக் கயிற்றை வீசி, அதன் மறுமுனையைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றிப் பிடிக்கும் அந்தக் கணத்தில், எருதின் பாரமும் வேகமும் கொம்பிலிருந்து சேணத்தின் மரச்சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து இரும்பு வளையத்துக்கும், வளையத்திலிருந்து குதிரையின் வயிற்றைச் சுற்றிய வாருக்கும் இறங்கி, முடிவில் நீ தைத்த தையலின்மேல் வந்து நிற்கின்றன. அந்தத் தையல் விட்டுப்போனால் சேணம் புரளும். சேணம் புரண்டால் மனிதனின் பிராணனுக்கே அபாயம். சேணத்திலுள்ள ரோஜாப்பூ ஒன்று சற்றுக் கோணலாக அமைந்தால் எவனுக்கும் எலும்பு முறிவதில்லை. ஆகையால்தான் உன் ஆசிரியர் பூவைப் பின்னுக்கு வைத்து வாரை முன்னே தந்திருக்கிறார்.

நீ விரும்பும் அந்தப் பூவேலைக்கே ஷெரிடன் பாணி என்று பெயர் வாங்கித் தந்தவர் டான் கிங். வட்டவட்டமாகச் சுழலும் கொடிகளும், அவற்றுள் நெருங்கப் பின்னிய சிறு காட்டு ரோஜாக்களுமாக அவர் செதுக்கிய தோலுக்கு 1991ஆம் ஆண்டில் அமெரிக்க தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது கிடைத்தது. ஆனால் அவர் பெயரால் அந்த ஊரில் நடந்த கடை, பண்ணையில் உழைக்கிறவர்களுக்கு வேண்டிய கயிற்றையும் விற்றது என்பதை நீ மறக்கலாகாது. உழைப்பாளியின் தேவையை அறிந்த இடத்தில்தான் அலங்காரத்துக்கும் கௌரவம் உண்டாகிறது.

இனித் தொழிலுக்கு வருவோம். பழைய சேணம் ஒன்று வந்தால் ஊசியை எடுப்பதற்கு முன் அழுக்கைப் போக்கு. அழுக்கின் கீழேதான் வெடிப்பு மறைந்திருக்கும். பிறகு அதைக் கவிழ்த்து, முன்கொம்பையும் பின்மேட்டையும் பற்றி அழுத்திப் பார். மரத்தால் செய்து பச்சைத் தோலால் இறுக்கிப் போர்த்திய உட்சட்டம் சிறிதேனும் வளைந்து கொடுத்தால், அது முறிந்திருக்கிறது என்று அறிந்து, மேலே ஒரு தையலும் போடாமல் உடையவனிடம் உள்ளதைச் சொல்லிவிடு. சட்டம் உறுதியாக இருந்தால், வளையத்தில் மடிந்து செல்லும் வார்களின் மடிப்பையும், அங்கவடியைத் தாங்கும் வார் சட்டத்தின்மேல் வளைந்து செல்லும் மறைவிடத்தையும் சோதி. கண்ணுக்குத் தெரியும் இடத்தைவிட, மடிப்பிலும் மறைவிலுமே தோல் முதலில் சாகிறது. வாரை மடித்துப் பார்க்கையில் மேல்முகத்தில் நுண்ணிய வெடிப்புகள் ஓடினால் அந்தத் தோலில் ஜீவன் இல்லை. அதன்மேல் புதுத் தோலை ஒட்டித் தைப்பது அதர்மம். வயிற்று வாரும் அதை இழுத்துக் கட்டும் லாட்டிகோ வாரும் பழுதானால் ஒட்டுப் போடாமல் முழுவதும் மாற்றிவிடு. கடைசியாக, அடியிலுள்ள ஆட்டு ரோமத்தை உள்ளங்கையால் தடவிப் பார். ஓர் ஆணியின் முனை நீட்டிக்கொண்டிருந்தாலும் அது குதிரையின் முதுகைப் புண்ணாக்கும். வாயில்லாப் பிராணி உன்னிடம் வந்து முறையிடாது.

தையலில் சிரத்தை வேண்டும். இயந்திரம் மேல் நூலையும் கீழ் நூலையும் தோலின் நடுவே கோத்துக்கொண்டு போகிறது. மேல் நூல் தேய்ந்து அறுந்தால் தையல் வரிசை மெல்ல மெல்லக் கழன்றுவிடும். கைத்தையலிலோ ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இழுப்பதால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்து நிற்கும். நூலுக்குத் தேன்மெழுகு பூசு. குத்தூசியின் அலகு சாய்சதுர வடிவுடையது; அது எல்லாத் துளைகளிலும் ஒரே சாய்வில் இறங்க வேண்டும். கனத்த வாருக்கு ஓர் அங்குலத்தில் ஐந்து முதல் ஏழு தையல் போதும். அழகு என்று எண்ணி நெருக்கிக் குத்தினால், தபால் தலையின் ஓரத்துத் துளைகளைப் போல, அந்த வரிசையிலேயே தோல் கிழிந்துவிடும்.

தோலை அறிந்துகொள்வதற்கு ஓர் ஆயுள் வேண்டும். அங்கே அவுன்ஸ் கணக்கில் தடிப்பைச் சொல்வார்கள்; ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. சேணத்துக்கான தோல் 13 முதல் 15 அவுன்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய 5 அல்லது 6 மில்லிமீட்டர் இருக்கும். வாருக்கு முதுகுப் பகுதியையே வெட்டு. வயிற்றுப் பகுதி நீண்டு போகும். செதுக்கு வேலைக்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே தகும். குரோமியத்தில் பதனிட்டது உளியின் பதிவை நிலையாக ஏற்பதில்லை. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்டு வந்தார்களே, அதுவும் இந்த இனத்ததுதான். உலர்ந்த தோலுக்கு மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயை மெல்லப் பூசு. மிகுதியாக ஊட்டினால் தோல் தளர்ந்து பலம் இழக்கும். நனைந்த தோலை நெருப்பருகே ஒருபோதும் உலர்த்தாதே.

பூவேலைக்கும் காலம் வரும். நனைத்த தோல் ஈரத்தை உள்வாங்கி, மேல்நிறம் ஏறக்குறையப் பழையபடி வெளுத்து, தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரியும் அந்தப் பக்குவத்தில் கத்தியை வைக்க வேண்டும். அப்போது, வார் தைத்துத் தைத்துத் தோலின் குணத்தை அறிந்த உன் விரல்கள், எவ்வளவு ஆழம் வெட்டலாம், எங்கே கொட்டாப்புளியை மெல்லத் தட்டலாம் என்பவற்றைத் தாமே உணரும். பச்சைத் தோலைப் பின்னும் கலையில் பெரும் கீர்த்தி பெற்று, 1986ஆம் ஆண்டில் அதே தேசிய விருதை அடைந்த கலிபோர்னியாவின் லூயிஸ் ஒர்ட்டேகாவின் வேலையைப் பார்க்கும் வாய்ப்பு நேர்ந்தால், பின்னலின் விசித்திரத்தைவிட, ஒவ்வோர் இழையும் எவ்வளவு சமமாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனி. எந்தக் கைத்தொழிலிலும் அலங்காரத்தின் அஸ்திவாரம் இந்தச் சாதாரண ஒழுங்குதான்.

ஆகவே, அப்பா, வருகிற வாரை அலட்சியம் செய்யாதே. உன் வேலையின் பெரும்பகுதியை வாங்குகிறவன் பார்க்கவே மாட்டான்; அதனாலேயே அதில் வஞ்சகத்துக்கு இடம் உண்டு; அதனாலேயே அதில் உண்மையாக இருப்பது உன் கடமை. ஏறி அமர்கிறவன் உன் முகத்தை அறியாமலே தன் உயிரை உன் தையலை நம்பி ஒப்படைக்கிறான். அந்த நம்பிக்கைக்கு உரியவனாக இரு. முதலில் நல்ல பழுது பார்ப்பவன் என்று பெயர் எடு, பிறகு செதுக்கு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா