வேகம் எண்ணில் இல்லை

கேள்வி: பள்ளியில் தந்த விலையில்லா மடிக்கணினி படுத்துவிட்டது. புதிதில் 1.2 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. பழையதே அதைவிட அதிகமாயிற்றே? டேலியும் ஆன்லைன் வகுப்பும்தான் வேலை.
– வாசகர், பாஞ்சாலங்குறிச்சி

பதில்: அந்த எண்ணை விடுங்கள். 2004-இலேயே பென்டியம் 4 சிப் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. இன்றைய ஐ3-1215யூ சிப்பின் அடிப்படை வேகம் 1.2தான், தேவைப்பட்டால் 4.4 வரை எகிறும். அதில் 6 கோர்கள். ஒவ்வொன்றும் ஒரே துடிப்பில் பழைய சிப்பைவிட அதிக வேலையை முடிக்கும். ஒரே தலைமுறைச் சிப்புகளுக்குள் ஒப்பிட மட்டுமே கிகாஹெர்ட்ஸ் உதவும்.

உங்கள் வேலைக்கு ஐ3 தாராளம். ஐ7 ஸ்டிக்கருக்குக் கொடுக்கும் காசை 16 ஜிபி ரேமில் போடுங்கள். எஸ்எஸ்டி கட்டாயம்.

தூத்துக்குடி கடையில் வாங்கும்போது கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று அங்கேயே தெரியும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.