வகுப்பறைக் கட்டொழுங்கு: ஒரு பயிற்சி ஆசிரியரின் பட்டறிவு

முன்னுரை

கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் நம்மைப் பெரிதும் அச்சுறுத்துவது வகுப்புக் கட்டொழுங்குதான். ஜோர்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியின் நான்காம் ஆண்டு வகுப்பில் நான் பயிற்சி ஆசிரியராக இருந்தபோது கற்றவற்றை, இனிச் செல்லவிருக்கும் இளையோருக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதல் வாரம்

பன்னிரண்டு விதிகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாளே கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு மாணவன் மேசையைத் தட்டுவான். பக்கத்தில் இருப்பவனின் பென்சிலைப் பறிப்பான். வெளியே நிற்கச் சொல்வேன். மறுப்பின்றிப் போய் நிற்பான். அவன் குறும்பு நாளுக்கு நாள் கூடியது. பிரம்பு இருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

பிரம்பைப் பற்றி நாம் தெளிவாக இருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் மாணவிகளைப் பிரம்பால் அடிப்பதைத் தடை செய்தன. 2003ஆம் ஆண்டின் கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை, பிரம்பைப் பயன்படுத்தும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு உரியது என்றும், அவர் அதை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம் என்றும் கூறியது. பயிற்சி ஆசிரியர் தம் விருப்பப்படி பிரம்பெடுக்க இடமில்லை.

காரணம் தெரிந்தது

அப்பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர், “அவன் எப்போ ஆரம்பிக்கிறான்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க தம்பி” என்றார். எழுதினேன். அவ்வாரம் பதினொரு முறை குறும்பு செய்தான்; அவற்றுள் ஒன்பது, வாய்விட்டு வாசிக்கும் வேளையில், அவன் முறை வருவதற்குச் சற்று முன். உயிர்மெய் எழுத்துகளிலேயே அவன் தடுமாறினான். எல்லார் முன்னும் வாசிப்பதைவிட வெளியே நிற்பது அவனுக்கு எளிதாக இருந்தது. தண்டனை என்று எண்ணி, அவன் வேண்டியதையே நான் கொடுத்திருக்கிறேன். பிரம்பு கிடைத்திருந்தால், வாசிக்கத் தெரியாததற்காக ஒரு பிள்ளையை அடித்திருப்பேன்.

செய்த மாற்றங்கள்

1. பன்னிரண்டு விதிகளை மூன்றாக்கினேன்: ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது; பேச விரும்பினால் கையை உயர்த்துவது; பிறர் பொருளைக் கேட்டு எடுப்பது.

2. வரிசையாக நுழைவதையும் புத்தகம் எடுப்பதையும் பாடம் போலவே பயிற்சி செய்ய வைத்தேன். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் பத்து நிமிடம் போயிற்று. பிறகு அதைவிட அதிக நேரம் மிச்சமானது.

3. “கெட்டிக்காரன்” என்று பொதுவாகப் புகழாமல், “கையை உயர்த்திக் காத்திருந்தாய், நன்று” என்று செயலைக் குறிப்பிட்டுப் பாராட்டினேன்.

4. அம்மாணவனை ஒரு நண்பனுடன் இணைத்து மெதுவாக வாசிக்க வைத்தேன். பயிற்சிப் புத்தகங்களை வழங்கும் பொறுப்பையும் அவனிடம் கொடுத்தேன்.

அமெரிக்க ஆய்வாளர் ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட நூல் இதற்கு விளக்கம் தருகிறது. ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. வகுப்பு முழுவதும் அவர் கண்ணில் இருப்பதை மாணவர் உணர்வதும், பாடம் தடையின்றி நகர்வதுமே குழப்பத்தைக் குறைக்கின்றன என்று அவர் கண்டார்.

நம் மரபில்

பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைப் புகுத்தி, மாணவரையே மாணவருக்கு ஆசிரியராக்கினார். பிள்ளைகளின் குற்றங்களை ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்து, சக மாணவரையே தீர்ப்பளிக்க வைத்தார். அடி வெகுவாகக் குறைந்தது. 1797இல் அவர் நூல் இலண்டனில் வெளிவந்தபின் இம்முறை ‘மெட்ராஸ் முறை’ எனப் பரவியது. அதே திண்ணைப் பள்ளியில் கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகளும் இருந்தன. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் உள்ளது.

முடிவுரை

பயிற்சி முடியும்போதும் என் வகுப்பு அமைதிப் பூங்காவாகிவிடவில்லை. வெள்ளிக்கிழமைக் கடைசி வேளையில் இரைச்சல் இருந்தது. ஆனால், கடைசி வாரத்தில் அம்மாணவன் எழுந்து நின்று நான்கு வரிகளை வாசித்தான். இரண்டு இடங்களில் தடுமாறினான், யாரும் சிரிக்கவில்லை. பயிற்சிக்குச் செல்லும் நண்பர்களே, ஒரு பிள்ளை குழப்பம் செய்தால் தண்டிப்பதற்குமுன், எந்த வேளையில் செய்கிறான் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள்.