எழுதப்படாத நாள்

நுழையும்முன்

நாட்குறிப்பு எழுதுபவர் அன்றைய நாளை மட்டுமே அறிவார். மறுநாள் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியாது. நெடுங்காலம் கழித்து அதைப் படிப்பவருக்கோ கதையின் முடிவும் தெரியும். அறியாது எழுதியவருக்கும் அறிந்து படிப்பவருக்கும் இடையே உள்ள தொலைவிலிருந்து நாவல்கள் பிறந்துள்ளன. இக்காலக் காதலர் இருவரின் கதையோடு பழைய நாட்குறிப்பு ஒன்றையும் பிணைத்துச் சொல்லும் நாவல்வகை குறித்து இப்பாடம் பேசுகிறது.

ஏரியின் பெயருக்குள் ஒரு காதல்

காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் வட்டத்தில் அமைந்த ஊர் தென்னேரி. ஊருக்குப் பெயர் தந்தது அங்குள்ள பெரிய ஏரி. திரையன் என்னும் மன்னன் பெயரால் திரையனேரி என வழங்கிய அது, நாளடைவில் தென்னேரி எனத் திரிந்தது என்பர். காஞ்சியிலிருந்து ஆட்சி செய்த தொண்டைமான் இளந்திரையனே அம்மன்னன் என்பது வழிவழி வந்த செய்தி. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படைக்குப் பாட்டுடைத் தலைவனும் இவனே. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

அப்பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் உரை வரைந்த நச்சினார்க்கினியர், இளந்திரையனின் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். சோழ மன்னன் ஒருவன் நாகர் உலகம் சென்று நாககன்னி ஒருத்தியோடு கூடி வாழ்ந்தான். அவன் பிரிந்து செல்லும் வேளையில், தனக்கு மகன் பிறந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுமாறும், அவன் கரையேறினால் நாடாளும் உரிமை தருவதாகவும் மன்னன் கூறினான். அவ்வாறே அவள் விட்ட குழந்தையைத் திரை கொண்டுவந்து கரை சேர்த்தது. ஆதலின் அவன் திரையன் ஆனான்.

மணிமேகலையிலும் இதையொத்த கதை ஒன்று உண்டு. புகாரின் கடற்கரைச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி நாகநாட்டு இளவரசி பீலிவளையைக் கண்டு காதல்கொள்கிறான். ஒரு திங்கள் உடனிருந்த அவள் சொல்லாமல் மறைந்துபோகிறாள். பின்னர்த் தான் பெற்ற மகனைக் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் ஒப்படைத்து அனுப்புகிறாள். வரும் வழியில் கப்பல் உடைகிறது, குழந்தையைக் காணவில்லை. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திர விழாவை மறக்க, புகார் நகரைக் கடல் கொள்கிறது.

ஒரு கதையில் குழந்தை கரை சேர்கிறது, மற்றொன்றில் தொலைந்துபோகிறது. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான வெற்றிடம் ஒன்று இருக்கிறது. குழந்தையை அலைகளின் கையிலும் வணிகன் கையிலும் கொடுத்துவிட்டு நின்ற அந்தப் பெண் அதன்பின் என்ன ஆனாள்? மகன் அரசனான செய்தி அவளை எட்டியதா? பீலிவளை தன் மகனின் கப்பல் உடைந்ததை எப்போது அறிந்தாள்? இவ்வினாக்களுக்கு உரையாசிரியரிடம் விடை இல்லை. காப்பியம் அவள் துயரைப் பின்தொடரவும் இல்லை. அவள் நாள்தோறும் எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்திருந்தால் கதை யாருடையதாக இருந்திருக்கும்? நாட்குறிப்பை நடுவில் வைத்து எழுதப்படும் காதல் நாவல்கள் இக்கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன.

நாட்குறிப்பு என்னும் சான்று

கல்வெட்டு, கொடையையும் நில எல்லையையும் ஊர்ச்சபையின் முடிவையும் பதிவுசெய்யும். அது பலரும் காண வெட்டப்படுவது. எழுதும்போதே நிலைத்திருத்தலை நோக்கமாகக் கொண்டது. நாட்குறிப்பின் இயல்பு வேறு. அதில் பெரிய செய்தியும் சிறிய செய்தியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். போர்ச் செய்திக்குக் கீழே வயிற்றுவலியும், அரண்மனை விருந்துக்கு அடுத்து வராத கடன்தொகையும் இடம்பெறும்.

தமிழில் இதற்கு ஒப்பற்ற சான்று ஆனந்தரங்கர் நாட்குறிப்பு. சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு பிறந்த ஆனந்தரங்கர், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவிடம் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையீட்டாளராகவும் விளங்கினார். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கிய அவருடைய குறிப்புகள் 1761ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நீள்கின்றன. கப்பல்களின் வரவு, துணி வணிகம், ஆளுநர் மாளிகையின் உட்பூசல், பீரங்கி மரியாதைகள், ஊர்ப்பேச்சு என எதையும் அவர் விடவில்லை. 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றிய செய்தியும் அதில் உண்டு. பேச்சுவழக்குத் தமிழோடு பிரெஞ்சு, போர்ச்சுக்கீசிய, பாரசீகச் சொற்களும் கலந்த அவருடைய நடை, அக்காலப் புதுச்சேரித் தெருவின் ஒலியை அப்படியே தாங்கி நிற்கிறது.

1761 சனவரி 12ஆம் நாள் ஆனந்தரங்கர் மறைந்தார். நான்கு நாள்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. தாம் கால் நூற்றாண்டுக் காலம் எழுதிவந்த நகரின் வீழ்ச்சியை அவர் எழுதவில்லை. இன்று அதைப் படிப்பவர் ஒவ்வொரு பக்கத்தையும் அந்த முடிவை நோக்கியே புரட்டுகிறார். எழுதியவருக்கோ ஒவ்வொரு நாளும் திறந்தே இருந்தது.

இத்தனை விரிவான குறிப்பில் காதலுக்கு இடமென்ன? மிகக் குறைவே. அதில் குறை காண்பதற்கில்லை. அவர் எழுதியது வணிகமும் அரசியலும் சூழ்ந்த பொதுவாழ்வின் பதிவு. எனினும் அக்காலத்தில் புதுச்சேரித் தெருக்களில் எத்தனையோ பேர் விரும்பியிருப்பார்கள், பிரிந்திருப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோருக்கு எழுத்தறிவு இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கும் உரிமையும் ஓய்வும் இல்லை. குறிப்பாகப் பெண்களுக்கு இல்லை.

இந்த இடத்தில்தான் நாவலாசிரியர் உள்ளே வருகிறார். புதுச்சேரியில் பிறந்த பிரபஞ்சன், ஆனந்தரங்கர் நாட்குறிப்பை அடிப்படையாகக் கொண்டு ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ ஆகிய வரலாற்று நாவல்களைப் படைத்தார். பின்னது 1995ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாட்குறிப்பை எழுதியவரையே கதைமாந்தராக்கியதோடு அவர் நிற்கவில்லை. குறிப்பில் ஒரு வரியாகக் கடந்துபோகும் எளிய மனிதர்களுக்கும் முகமும் குரலும் தந்தார். அரசர்களின் வாள்வீச்சே வரலாற்று நாவல் என்றிருந்த வாசகருக்கு இது புதிய அனுபவம்.

இரு காலங்கள், ஒரு நெசவு

பிரபஞ்சனின் நாவல்கள் பழைய காலத்திலேயே நிகழ்பவை. பழங்கதையையும் நிகழ்காலக் காதலையும் ஒரே நூலில் அமைக்கும் முயற்சியும் தமிழில் உண்டு. கல்கியின் ‘சோலைமலை இளவரசி’ அதற்கு நல்ல சான்று. 1942ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுக் காவலர்களுக்குத் தப்பிய குமாரலிங்கம், பாழடைந்த சோலைமலைக் கோட்டையில் ஒளிந்திருக்கிறான். அவனுக்கு உணவளித்துக் காப்பவள் பொன்னம்மாள் என்னும் சிற்றூர்ப் பெண். அவ்விடிபாடுகளுக்கிடையே, முன்னாளில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற மாறனேந்தல் அரசன் உலகநாதத் தேவருக்கும் சோலைமலை இளவரசி மாணிக்கவல்லிக்கும் நிகழ்ந்த காதல் குமாரலிங்கத்தின் மனக்கண்முன் விரிகிறது. அந்தப் பழைய மனிதனாகவே அவன் தன்னை உணர்கிறான். இங்கே நாட்குறிப்பு இல்லை. இடிந்த கோட்டையும் கனவும் அதன் பணியைச் செய்கின்றன.

இத்தகைய நாவலின் அமைப்பை விளங்கிக்கொள்ள, தென்னேரியை அடுத்துள்ள காஞ்சிபுரத்தின் தறிக்கூடத்துக்குச் செல்லலாம். காஞ்சிப் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதைக் காணலாம். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் அமர்ந்த நெசவாளருக்கு உதவியாக மற்றொருவர் பக்கத்தில் இருந்து நாடாவைக் கொடுத்து வாங்குவார். ஒவ்வோர் ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கொக்கியிட்டுப் பற்றிக்கொள்ளும். இதைக் கோர்வை என்பர். கரையை வெட்டி ஒட்டியது போல் ஒரு சேலை இருந்தால் அது கோர்வை ஆகாது.

நாவலுக்கும் இதுவே அளவுகோல். நாட்குறிப்புப் பகுதியைத் தனியே கழற்றி எடுத்தாலும் இக்காலக் கதை குறையின்றி நிற்குமானால், அங்கே பழமை வெறும் அலங்காரம்தான். அப்படிப்பட்ட நாவல்கள் ஏராளம். மாடத்துப் பெட்டியில் பழுப்பேறிய ஏடு கிடைக்கும், இரண்டு அத்தியாயம் கண்ணீர் வரும், பிறகு ஏடு மறக்கப்பட்டுவிடும். சிறந்த நாவலில் நாட்குறிப்பைப் படிப்பவர் படிக்கும் முன் இருந்தவராக இருப்பதில்லை. இறந்தவர்களின் மௌனத்தைப் படிக்கக் கற்றவர்கள், அருகில் இருப்பவரின் மௌனத்தையும் படிக்கத் தொடங்குகிறார்கள்.

மறந்துபோன செய்தி

ஆங்கில எழுத்தாளர் ஏ. எஸ். பையட் எழுதி, 1990ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்ற ‘பொசஷன்’ என்னும் நாவல் இவ்வகையில் உலகறிந்தது. இலண்டன் நூலகத்தில் பழைய நூல் ஒன்றினுள், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ராண்டால்ஃப் ஆஷ் தம் கையால் எழுதிய கடித வரைவுகளை ரோலண்ட் என்னும் இளம் ஆய்வாளர் கண்டெடுக்கிறார். கடிதம் யாருக்கு? அதைத் தேடும் பயணத்தில் மாட் என்னும் பெண் ஆய்வாளர் இணைகிறார். ஆஷுக்கும் கிறிஸ்டபெல் என்னும் பெண் கவிஞருக்கும் இடையே இருந்த, எவரும் அறியாத காதல் கடிதம் கடிதமாக, நாட்குறிப்பு நாட்குறிப்பாக வெளிப்படுகிறது. தேடுகிற இருவரும் மெல்ல ஒருவரையொருவர் அணுகுகின்றனர்.

இந்நாவலில் முதன்மையான நாட்குறிப்புகளை எழுதுவோர் பெண்களே என்பது நோக்கத்தக்கது. ஆஷின் மனைவி எலன் வைத்திருந்த குறிப்பில் வீட்டுச் செய்திகளே நிறைந்திருக்கின்றன. முதலில் அதில் சுவையில்லை என்றே தோன்றும். படிக்கப் படிக்க, பிற்காலத்தவர் கண்ணுக்கு எட்டாதபடி அவர் எதையோ மறைக்கவே எழுதினார் என்பது புலப்படும். எழுதுவதே மறைப்பதற்கு வழியாகும் விந்தை அது.

நாவலின் இறுதியில் பையட் ஒரு சிறு பகுதியைச் சேர்த்துள்ளார். முதுமையை நெருங்கும் ஆஷ், புல்வெளி ஒன்றில் தம் மகளைச் சந்திக்கிறார். அவர் தந்தை என்பது அச்சிறுமிக்குத் தெரியாது. அவளுக்கு மலர்முடி ஒன்று புனைந்து தருகிறார். அவளுடைய கூந்தலில் ஓர் இழையைக் கேட்டுப் பெறுகிறார். அவள் ‘பெரியம்மா’ என்று அழைத்துவரும் கிறிஸ்டபெலிடம் சொல்லுமாறு ஒரு செய்தியும் சொல்லி அனுப்புகிறார். வழியில் சிறுவர்களோடு விளையாட்டு, மலர்முடி சிதைகிறது, செய்தி மறந்துபோகிறது. இந்தச் சந்திப்பு எந்தக் கடிதத்திலும் எந்த நாட்குறிப்பிலும் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஏடுகளைத் துருவிய ஆய்வாளர்கள் இதை ஒருபோதும் அறியப்போவதில்லை. வாசகர் மட்டுமே அறிவார்.

தெரிந்து தெளிவோம்

ஆனந்தரங்கர் நாட்குறிப்பின் கையெழுத்துப் படிகளை 1846ஆம் ஆண்டு கால்வா மோம்ப்ரன் என்பவர் புதுச்சேரியில் கண்டறிந்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அவருக்குப் பின் புதுச்சேரியில் இரண்டாம் வீரா நாயக்கரும் நாட்குறிப்பு எழுதினார்.

கற்பவை கற்றபின்

தொண்டைக் கொடியைக் கட்டிக் குழந்தையைக் கடலில் விட்ட நாளின் இரவில் நாககன்னி எழுதியிருக்கக்கூடிய நாட்குறிப்பின் ஒரு பக்கத்தை எழுதுக. மகன் கரை சேர்வான் என்பது அன்று அவளுக்குத் தெரியாது என்பதை நினைவிற்கொள்க.