டிரா கேட்கும் முன்

ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் முதல் செஸ் போட்டிக்குப் போகிற கண்ணுகளுக்கு, பலகையோரம் பல வருஷம் உட்கார்ந்த கிழவன் சொல்வது இது.

1. டிரா என்றால் தலையைத் தொங்கப்போடாதே. 2023 ஆகஸ்டில் பாகுவில் உலகக் கோப்பை இறுதிச் சுற்று. கார்ல்சனோடு 18 வயசுப் பிரக்ஞானந்தா ஆடிய முதல் இரண்டு ஆட்டமும் டிராதான். டைபிரேக்கில்தான் கார்ல்சனுக்குக் கோப்பை போனது.

2. பயத்தில் டிரா கேட்காதே. எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்ததுமே பத்தாவது மூவில் கை நீட்டுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று குகேஷும் டிங் லிரனும் உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டத்துக்கு உட்கார்ந்தபோது ஆளுக்கு 6.5 புள்ளி. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய்தான் அதிகம். டிராவில் முடியும் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் விடவில்லை. 55-வது மூவில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். மூன்று மூவ் கழித்துக் குகேஷ் உலக சாம்பியன். அதே குகேஷ் அந்தத் தொடரில் ஒன்பது ஆட்டத்தை டிராவும் செய்திருக்கிறார்.

3. கேட்பதற்கு முறை உண்டு. முதலில் காயை நகர்த்து, பிறகு டிரா கேள், அப்புறம் கிளாக்கை அமுக்கு. கேட்டதைத் திரும்ப வாங்க முடியாது. எதிராளி வேண்டாம் என்றாலோ, பதில் சொல்லாமல் காயை நகர்த்தினாலோ மறுத்துவிட்டான் என்று அர்த்தம். மறுபடி மறுபடி நச்சரித்தால் ஆர்பிட்டர் (நடுவர்) கண்டிப்பார்.

4. சின்னப் பிள்ளைகள் கையிலிருந்த வெற்றியைத் தொலைப்பது ஸ்டேல்மேட்டில்தான். ராணி இருக்கிற தெம்பில் வேகமாக ஆடுவார்கள்; எதிராளி ராஜாவுக்குச் செக்கும் இருக்காது, போக இடமும் இருக்காது, நகர்த்த வேறு காயும் இருக்காது. ஆட்டம் டிரா! ராணியைத் தொடும் முன்பு, அவன் அடுத்து எதை நகர்த்துவான் என்று பார். நீ தோற்கிற பக்கம் இருந்தாலும் இதை மறக்காதே: அவனிடம் ஓரத்துச் சிப்பாய் ஒன்று மட்டும் மிச்சமிருந்து, அதற்கு முன்னாலுள்ள மூலைக்கு உன் ராஜா போய்விட்டால் அரைப் புள்ளி உனக்குத்தான்.

5. உன் அடுத்த மூவில் ஒரே நிலை மூன்றாவது முறை வரப்போகிறதா? சத்தம் போடாதே. அந்த மூவை ஷீட்டில் எழுது, காயைத் தொடாதே, கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரைக் கூப்பிட்டு டிரா கேள்.

6. சிநேகிதனோடு முன்கூட்டியே பேசிவைத்து டிரா செய்வது குற்றம். பேச்சே இல்லை.

பனியன் கம்பெனிச் சம்பளத்தில் பீஸ் கட்டிக் கூட்டி வருகிற அப்பா அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை வெளியே வந்ததும் ரிசல்ட்டைக் கேட்காதீங்க. முதலில் சாப்பாடு வாங்கிக் கொடுங்க. அடுத்த ரவுண்டு இருக்கு.